லா சங்காவின் சொந்த நிலம்

ஆற்றுக்கு இக்கரையில் இருக்கும் நாங்கள் எல்லோரும் வந்தேறிகள். எங்கள் அப்பன்மார் புத்தோன் தீவிலிருந்து பாய்மரத்தில் வந்து, சேரம் தீவின் இந்தக் கரையில் இறங்கி, அக்கரை ஊர்க்காரர்களிடம் இடம் கேட்டு வீடு கட்டினார்கள். வீடு எங்களுடையது, மண் அவர்களுடையது. மரவள்ளி போடலாம், மிளகாய் போடலாம், வாழைகூட வைக்கலாம். தென்னையும் கிராம்பும் வைக்கக் கூடாது. ஆளின் ஆயுசைத் தாண்டி நிற்கிற மரத்தை எவன் நட்டானோ, மண் அவனுடையது. இங்கே பத்திரமெல்லாம் நேற்று வந்தது. மரந்தான் பத்திரம்.

லா சங்கா எனக்கு அடுத்த வீட்டுக்காரர், மூத்தவர். இருவரும் ஒரே படகில் சூரை மீனுக்குப் போவோம். நாள் முழுக்கக் கடலில் இருந்தாலும் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேசியவள் அவர் மனைவி வா இந்தே. எங்களில் ஆண் பெயருக்கு முன்னால் 'லா', பெண் பெயருக்கு முன்னால் 'வா' வரும். அவள் கத்தினால் அக்கரைக்குக் கேட்கும். பிள்ளை இல்லை.

கல்யாணமான புதிதில் இவர்களுக்கு இடம் கொடுத்தவர் அக்கரை ரஜாப். கொடுத்த அன்றே, மனையின் மூலையில் தன் கையால் ஒரு தென்னம்பிள்ளையை வைத்துவிட்டுச் சொன்னாராம்: "காயை நீ பறிச்சுத் தின்னு. மரம் என்னுது. அதை மறந்துடாதே."

அன்று முதல் லா சங்கா ரஜாப் வீட்டு ஆள். அங்கே விசேஷம் என்றால் முதலில் போய் விறகு பிளப்பார். படகு கரைக்கு வந்ததும் ஒரு மீன் அந்த வீட்டுக்குப் போகும். அடுக்களை வழியாக உள்ளே போய், சட்டியைத் திறந்து, இருப்பதை எடுத்துத் தின்றுவிட்டு வருவார்.

கிழக்குக் காற்று அடிக்கும் ஒரு மழைக்காலத்தில் வா இந்தே காய்ச்சலில் போய்விட்டாள். எங்கள் ஆட்களை அடக்கும் மையவாடியைக் கடல் அரித்துக்கொண்டிருந்த சமயம். ரஜாப்தான் சொன்னார், "எங்க குடும்ப இடத்துக்குக் கொண்டுவாங்க." அடக்கம் முடிந்ததும் அந்தக் குழிக்குப் பக்கத்தில் காலால் ஒரு கோடு கிழித்தார். "இது உனக்கு." லா சங்கா என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே விஷயம் அதுதான். அவருக்கு வேண்டியது இரண்டு. சாகும்வரை அந்த வீடு. செத்த பிறகு அந்தக் கோட்டுக்குள் இடம்.

பிறகு ரஜாப்பும் போனார். மகன் இத்ரிஸ் அம்போன் நகரத்தில் வேலையாக இருந்தான். இறால் பண்ணைக்குக் கரையோர நிலம் வாங்க ஆள் அலைகிறான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. இத்ரிஸ் விற்பானா மாட்டானா, யாருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்து, நிலம் அளந்து பத்திரம் கொடுக்க அரசாங்க ஆட்கள் வரப்போவதாகத் தகவல் வந்தது.

படகடியில் வலை பிரித்துக்கொண்டிருந்த லா ஜூமோவுக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, அளக்க வர்றவன் தென்னையை வச்சது யாருன்னு கேப்பான். நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மனை உங்களுது."

"அது ரஜாப் வச்சதுடா."

"ரஜாப்பை எழுப்பியா கேக்கப் போறான்? தென்னை வந்து சாட்சி சொல்லுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். லா சங்கா சிரிக்கவில்லை.

"அந்தக் குடும்பத்துக்கு முன்னாடி எப்படிடா சொல்றது?"

"அப்ப இறாலுக்குக் காவல் இருங்க. நல்ல துணை. எதிர்த்துப் பேசாது."

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது என்னிடம் கேட்டார்: "வீட்டைக் காலி பண்ணுன்னா நான் எங்கடா போவேன், மாரு?"

அளக்க வந்த நாளில் ஊரே கூடிவிட்டது. இத்ரிஸும் அம்போனிலிருந்து வந்து நின்றான். அதிகாரி நாடாவைச் சுருட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தத் தென்னை யாரு வச்சது?"



"நான்தான்," என்றார் லா சங்கா.

இத்ரிஸ் அவர் பக்கம் திரும்பினான். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, மாமா."

"நான்தான் வச்சேன்."

இத்ரிஸ் மரத்தை அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை பார்த்தான். "அவரு சொன்னா சரி. எழுதிக்குங்க," என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு ஓடத்துறைக்கு நடந்துவிட்டான். சண்டை வரும் என்று கம்போடு வந்தவர்கள் எங்கள் ஆட்களில் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் ஏமாற்றம்.

பத்திரம் வந்தது. "வாங்க ஜமீன்தாரே!" என்று லா ஜூமோ தெருவிலேயே சலாம் போட்டான். லா சங்கா வீட்டுக் கதவுக்குப் பூட்டு வாங்கி மாட்டினார். உள்ளே இருந்தது ஒரு பாயும் இரண்டு சட்டியும்.

அந்தப் பெருநாளைக்கு நல்ல சூரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல அக்கரைக்குப் போனார். போனவர் சீக்கிரமே திரும்பி வந்து என் வீட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணே, சாப்பிடலையா?"

"முன் கூடத்துல நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. பூப்போட்ட கோப்பையில காப்பி கொடுத்தாங்க."

"நல்லதுதானே?"

"சாபியா அக்கா மீனை வாங்கிட்டு, 'எவ்வளவு ஆச்சு?'ன்னு கேட்டாங்கடா."

ரஜாப்பின் மனைவி சாபியா கோபக்காரி இல்லை. ஏசியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் மரியாதையாகக் கேட்டிருக்கிறாள். மீனை வைத்துவிட்டுப் பணத்தைத் தொடாமல் வந்திருக்கிறார். மறுநாள் ஓடக்காரன் கையில் பணம் வந்து சேர்ந்தது.

இத்ரிஸ் மகளின் கல்யாணத்துக்கு அச்சடித்த அழைப்பு வந்தது. விறகு பிளக்க வா என்று கூப்பிட ஆள் வரவில்லை. போனார், பந்தியில் அந்நியரோடு உட்கார்ந்து சாப்பிட்டார், வந்தார். இங்கே எங்கள் ஆட்களும் அவரிடம் முன்போல வருவதில்லை. நாங்களும் அப்படிச் சொல்லிவிடுவோமோ என்று அக்கரைக்காரர்கள் மற்ற மனைகளிலும் மரத்தை எண்ண ஆரம்பித்துவிட்டார்களே, அந்த எரிச்சல். யோசனை சொன்ன லா ஜூமோவே, "பொய் சொல்லி வாங்கின மனை," என்று பேசித் திரிந்தான். அவன் வாய் அப்படி.

வெள்ளிக்கிழமைதோறும் இந்தேயின் குழிக்குப் போய்ப் புல் பிடுங்கிவிட்டு வருவார். யாரும் தடுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. போன கிழக்குக் காற்றில் இருமல் பிடித்தது. கடலுக்கு வருவது நின்றது. கிராம்பு அறுப்புக்கு இத்ரிஸ் ஊருக்கு வந்திருப்பது தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மாரு, நீ போய்க் கேளு. எனக்கு வாய் வராது."

"என்னன்னு கேக்கட்டும்?"

"இந்தே பக்கத்துல அந்த இடம். அவங்க அப்பா கொடுத்தது. இன்னும் எனக்குத்தானான்னு."

போனேன். இத்ரிஸ் முற்றத்துப் பாயில் கிராம்பைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். கையால் கிராம்பைத் திருப்பி விட்டுக்கொண்டே காது கொடுத்தான்.

"உங்க அப்பா காலால கோடு கிழிச்சுக் காட்டின இடம், தம்பி," என்றேன். "நானும் அன்னைக்கு அங்க இருந்தேன்."

"அப்பா வச்ச மரத்தைத் தான் வச்சதுன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. இப்ப அப்பா சொன்ன சொல்லு மட்டும் வேணுமாக்கும்?"

"வயசான மனுசன், பயந்து சொல்லிட்டாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. மாமான்னுதானே கூப்பிட்டேன்." பாயின் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தான். "அவருக்குத்தான் சொந்த நிலம் இருக்கே, லா மாரு அண்ணே. அங்க படுத்துக்கட்டும்."

கத்தவில்லை. காப்பி குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஓடத்திலிருந்தே பார்த்தேன். லா சங்கா துண்டைப் போர்த்திக்கொண்டு துறையில் நின்றிருந்தார். அந்த உடம்போடு எப்படி அவ்வளவு தூரம் நடந்தாரோ. நான் இறங்கினேன். அவர் முகத்தைப் பார்க்காமல் ஓடத்தை இழுத்துக் கட்டுவதிலேயே இருந்தேன், தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டேன். முடிச்சுப் போட்டு நிமிர்ந்தபோது அவர் வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.