குறைந்துபோன மூன்று உருண்டைகள்

ஜெயம்மா மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் பழைய விடுதித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணிக்கு வந்தது. நான் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். நம்ப முடியவில்லை என்று இப்படிப்பட்ட சமயங்களில் எல்லோரும் எழுதுவார்கள். நான் நிஜமாகவே நம்பவில்லை. இதே குழு போன வருடம் எங்கள் கேன்டீன் மாஸ்டருக்கு மாலை போட்ட படம் அனுப்பி, "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று அந்த மனிதரே பதில் எழுதும்படி ஆனது. அதனால் விடுதிக்கே போன் போட்டேன். ஆபீஸ் பெண் எடுத்தாள். "ஆமாக்கா, நேத்து சாயந்திரம் நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரி போற வழியிலேயே போயிட்டாங்க" என்றாள். எந்த ஜெயம்மா என்று அதற்குப் பிறகும் ஒருமுறை கேட்டுக்கொண்டேன்.

இதைப் படிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் பி பிளாக்கில் இருந்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில், உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் எலக்ட்ரானிக் கம்பெனியின் பெண்கள் விடுதி இருக்கிறது. ஜெயம்மா அதன் வார்டன். கெலமங்கலத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், காய் கொண்டுவருகிறவரிடம் கன்னடம். கணவர் இறந்த பிறகு வேலைக்கு வந்தவர். சாப்பாட்டுக்கூடத்தை ஒட்டியிருந்த ஒற்றை அறைதான் அவருக்கு வீடு. வேலை போனால் அறையும் போய்விடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்களை யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், ஊர் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் விருத்தாசலம்.

அவர் ஒரு சந்தேகப் பிராணி. நான் அதைவிட மோசம். கம்பெனியில் எனக்குக் குவாலிட்டி பிரிவில் வேலை. 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று யாராவது சொல்லிக்கொண்டு வந்தால் அந்தப் பாகங்களின் தட்டைத்தான் முதலில் லென்ஸுக்கு அடியில் வைப்பேன். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே கூரைக்குக் கீழே நான்கு வருடம் இருந்தோம்.

விடுதி அறையில் அடுப்பு கூடாது, கெட்டில் கூடாது, இண்டக்‌ஷன் கூடவே கூடாது. அடுப்பே இல்லாமல் செய்யும் இனிப்பு ஒன்றை நான் போனில் பார்த்து வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் அறைத்தோழி மேனகாவும் அதைச் செய்தோம். சாக்லேட் வாசனை வராந்தா வரைக்கும் போயிருக்கிறது. ஜெயம்மா கதவைத் தட்டவில்லை, நேரே உள்ளே வந்தார்.

"அடுப்பு எங்க?" என்றார்.

"அடுப்பே இல்ல மேடம்."

"மூக்கு பொய் சொல்லாது விருத்தாசலம். நீங்கதான் சொல்லுவீங்க."

கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அலமாரியைத் திறந்து மடித்த சுடிதார்களுக்குள் கை விட்டார். கொடியில் காய்ந்த துண்டைக்கூட விலக்கிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்காததில் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. "அப்படின்னா என் முன்னாடி செய்யுங்க. நான் பாக்கறன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

செய்து காட்டினோம். பிஸ்கட்டைக் கவரில் போட்டு, தண்ணீர் பாட்டிலைச் சப்பாத்திக் கட்டை மாதிரி உருட்டிப் பொடித்தோம். அதில் பீனட் பட்டரும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுப் பிசைந்தோம். வறுத்த வேர்க்கடலையைத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக உடைத்துச் சேர்த்தோம். நான் அதை மல்லாட்டை என்றேன். "கல்லக்கான்னு சொல்லு" என்று திருத்தினார். எலுமிச்சை அளவுக்கு உருட்டினோம். சாப்பாட்டுக்கூடத்துக் குழாயிலிருந்து பிடித்து வந்த சுடுதண்ணீரில் ஒரு கிண்ணத்தை மிதக்கவிட்டு, அதில் சாக்லேட் கட்டியை நறுக்கிப் போட்டுக் கிளறினோம். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தாலும் சாக்லேட் திரிந்து மணல் மணலாகிவிடும் என்பதால் மேனகா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு உருண்டையையும் முக்கி எடுத்துத் தட்டில் அடுக்கினோம்.

ஜெயம்மா எழுந்து குனிந்து பார்த்தார். "வேகாம எப்படி இது பலகாரம் ஆகும்?" என்றார்.

"ஃபிரிட்ஜ்ல ரெண்டு மணி நேரம் வச்சா கெட்டியாயிடும் மேடம்."

ஃபிரிட்ஜ் சாப்பாட்டுக்கூடத்தில் இருந்தது. பூட்டு உண்டு, சாவி அவர் இடுப்பில் இருந்தது. காலையில் ஒருமுறை, ஷிப்ட் முடிந்ததும் ஒருமுறை திறந்துவிடுவார். அன்று நான் முப்பது உருண்டை எண்ணி உள்ளே வைத்தேன். மறுநாள் எடுத்தபோது இருபத்தொன்பது இருந்தது.

அடுத்த ஞாயிறும் முப்பது வைத்து இருபத்தொன்பதுதான் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. "எலி இருக்கும்" என்றாள் மேனகா. "ஃபிரிட்ஜுக்குள்ளயா?" என்றேன்.

அன்றிலிருந்து நான் ஜெயம்மாவை லென்ஸுக்கு அடியில் வைத்தேன். எங்களோடு காபி குடிக்க மாட்டார். தனி பிளாஸ்க் வைத்திருந்தார். நமக்குத் தண்ணிக் காபி, தனக்கு மட்டும் கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டிக் காபி என்று நினைத்துக்கொண்டேன். அவர் இல்லாத நேரத்தில் மூடியைத் திறந்து மோந்தும் பார்த்தேன். காபி வாசனைதான் வந்தது. ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் நாலைந்து சின்ன டப்பாக்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒட்டிய காகிதத்தில் தெலுங்கில் ஏதோ எழுதியிருக்கும். எங்களுக்குத் தெரியக்கூடாது என்றே தெலுங்கில் எழுதுகிறார் என்று மேனகாவிடம் சொன்னேன். அவர் படித்ததே தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நேரே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நான்காவது ஞாயிறு முப்பது வைத்தேன், இருபத்தேழுதான் இருந்தது. மூன்று குறைந்ததும் எனக்குத் தலை சூடாகிவிட்டது. வார்டன் எங்கள் தின்பண்டங்களைத் திருடுகிறார் என்று கம்பெனி எச்.ஆருக்குப் புகார் எழுதினேன். பி பிளாக்கில் என்னோடு சேர்த்துப் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டோம். யாரையும் வற்புறுத்தவில்லை என்று இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் சிலரைக் குளியலறை வாசல் வரைக்கும் துரத்திப் போய்த்தான் வாங்கினேன்.

மறுநாள் பகல் ஷிப்ட் முடிந்த நேரத்துக்கு எச்.ஆர். மேடம் வந்தார். கையெழுத்துப் போட்ட பதினொரு பேரும் சாப்பாட்டுக்கூடத்தில் சுவர் ஓரமாக வரிசையாக நின்றோம். ஜெயம்மா ஃபிரிட்ஜைத் திறந்து, கீழ்த்தட்டு டப்பாக்களை மேஜைமேல் அடுக்கினார். எச்.ஆர். மேடத்துக்குத் தெலுங்கு தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். "நேத்து மத்தியானம், சாம்பார். நேத்து மத்தியானம், பீன்ஸ் பொரியல். நேத்து ராத்திரி, ரசம். ஞாயித்துக்கிழமை, கல்லக்கா சாக்லேட், விருத்தாசலம் செஞ்சது." கடைசி டப்பாவுக்குள் என் உருண்டை ஒன்று இருந்தது.

"முன்ன ஒரு கேன்டீன்ல வேலை பாத்தன்" என்றார் ஜெயம்மா. "அங்க சமைச்சதுல எல்லாம் ஒரு கரண்டி எடுத்து வைக்கணும். யாருக்காச்சும் வயிறு கெட்டுச்சின்னா எடுத்துப் பாக்கலாம். இங்க யாரும் வைக்கச் சொல்லல. நானா வைக்கறன். நூத்தி இருவது புள்ளைங்க சாப்பிடற எடம்."

"இதை ஏன் இவங்ககிட்ட சொல்லல?"

"கேக்கல மேடம். கேட்டிருந்தா சொல்லியிருப்பன்."

எங்கள் லைனில் ஒவ்வொரு ஷிப்டிலும் முதல் பீஸை எடுத்து, சீட்டு மாட்டி, தனியே வைப்பது யார் வேலை தெரியுமா? என் வேலை. தினமும் அதைச் செய்கிற நான், இன்னொருத்தி செய்ததைத் திருட்டு என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் தோற்றுப்போன சந்தேகக்காரிக்கு வாய் சும்மா இருக்காது. "ஒண்ணு சாம்பிள், சரி. மிச்சம் ரெண்டு எங்க?" என்றேன்.

ஜெயம்மா எங்கள் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மெதுவாகப் பார்த்தார். பிறகு எச்.ஆர். மேடத்திடம் திரும்பி, "அது நான் தின்னன்" என்றார்.

அவ்வளவுதான். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இன்னொரு புகார் வந்தால் அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். ஃபிரிட்ஜ் சாவியை வாங்கி என்னிடம் கொடுத்தார்கள். சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. நான் அதையும் குற்றமுள்ள நெஞ்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

சாவி என் கைக்கு வந்த பிறகு ஒரு உருண்டைகூடக் காணாமல் போகவில்லை. இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்? ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அவர் டப்பாவோடு வந்து நின்று, "சாம்பிள் குடு விருத்தாசலம்" என்பார். ஒரு நாள், மறுநாள் அதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "சாம்பார்னா கொட்டிடுவன். இத எப்படிக் கொட்டறது?" என்றார். அவருக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்குப் பாவமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாய் வராததால், அன்றிலிருந்து சாம்பிளுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று இரண்டாகக் கொடுத்தேன். "அப்புறம் பாத்துக்கறன்" என்று வாங்கிக்கொண்டு போவார். அவர் தின்று நான் பார்த்ததே இல்லை. அதை மட்டும் நான் சந்தேகப்படவில்லை.

நானும் மேனகாவும் கெலமங்கலத்தில் அவர் தங்கை வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனோம். பக்கத்து வீட்டிலிருந்து காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். தங்கை தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். "அக்கா இருந்தா சக்கரை போடாத காபி தனியா கேட்டிருக்கும். பன்னெண்டு வருசமா இனிப்ப நாக்குல வச்சதில்ல. என் மக கல்யாணத்துல கூட ஒரு துண்டு லட்டு தொடல."

"சாக்லேட்?" என்றேன்.

"அதெல்லாம் பக்கத்துலயே சேக்காது."

துக்க வீடு என்றும் பார்க்காமல் அதையே மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். அவர் பொறுமையாக உள்ளே போய் அக்காவின் மாத்திரைப் பையைக் கொண்டுவந்து காட்டினார். மருந்துச் சீட்டுகளில் தேதி இருந்தது. பழைய சீட்டுகள் என் புகாருக்கு வெகுகாலம் முந்தியவை. நாங்கள் கிளம்பும்போது, விடுதியிலிருந்து வந்த சாமான்களில் இருந்த சின்ன டப்பா ஒன்றை என்னிடம் கொடுத்தார். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் பாதி உரிந்திருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் மேனகா கேட்டாள். "அப்போ அந்த ரெண்டு உருண்டைய யாருடி தின்னது?"

ஒன்று மட்டும் ஞாபகத்துக்கு வந்தது. புகார் எழுதிய மாதம்தான், மாடியில் ஒருத்தி அடுத்தவளின் இயர்போனை எடுத்துவிட்டாள் என்று அன்று மாலைக்குள் பெட்டியோடு ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அவளை மேலே படிக்கக்கூட விடவில்லை, போன மறுவாரமே மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். இரண்டு உருண்டைக்கும் கம்பெனியில் பெயர் திருட்டுதான். ஜெயம்மா உண்மையைச் சொல்லியிருந்தால், அன்று வரிசையில் நின்ற பதினொரு பேரில் யாரோ ஒருத்தி ஊருக்குப் போயிருப்பாள். அவளுக்குப் பதிலாகத் தன் அறையையே பணயம் வைத்துவிட்டு நின்றிருக்கிறார் அந்த மனுஷி. அதற்கு மேல் ஞாயிறுதோறும் இரண்டு உருண்டைகளை வாங்கிப் போய் அவளுக்கே கொடுத்திருக்கவும் வேண்டும். சாவி வந்த பிறகு நானும் அதே இரண்டு வேளை ஃபிரிட்ஜை எல்லோருக்கும் திறந்துதான் விட்டேன்; அப்போதும் எதுவும் காணாமல் போகாததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நான் மன்னிப்பாகக் கொடுத்ததை எல்லாம் அவளே தின்றிருக்கிறாள்.

அன்று ஜெயம்மாவின் பார்வை யார் முகத்தில் நின்றது என்று எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை. நான் அவர் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனகா பஸ் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அதுகூட எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் குழுவில், "அன்றைக்கு எடுத்தது யார்? இப்போதாவது சொல்லுங்கள்" என்று தட்டினேன். அனுப்பும் முன் அழித்துவிட்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றார் ஜெயம்மா. எனக்கு அதிலும் சந்தேகம் இருக்கிறது. இதை மட்டும் கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். அவர் அறையையும் பேரையும் கொடுத்துக் காப்பாற்றியதை, அவர் கண்ணை மூடியதும் நான் தோண்டி எடுத்தால், அன்று எழுதியதைவிடக் கேவலமான புகார் அதுதான். மேடம், தப்பாக எழுதிவிட்டேன். நீங்கள் இருந்தபோது சொல்லாததை இங்கே எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த ஞாயிறு, பி பிளாக் ஆட்கள் எட்டுப் பேர் ஓசூரில் என் வீட்டுக்கு வந்தீர்கள். என் வீட்டில் இப்போது அடுப்பு இருக்கிறது. இருந்தாலும் சுடுதண்ணீரில் கிண்ணத்தை மிதக்கவிட்டுத்தான் சாக்லேட்டை உருக்கினேன். முதல் உருண்டையை அவருடைய டப்பாவில் போட்டு, காகிதத்தில் அன்றைய தேதியையும் 'விருத்தாசலம் செய்தது' என்பதையும் எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். இனி எது செய்தாலும் அப்படித்தான் வைப்பேன்.

மற்றதையெல்லாம் தட்டில் கொட்டி உங்கள் நடுவில் வைத்துவிட்டு, காபி போட உள்ளே போய்விட்டேன். எத்தனை செய்தேன், எத்தனை மிச்சம் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. அன்று நான் எண்ணவில்லை.