அம்மாவுக்குச் சொல்லாத ஊர்

டென்மார்க்கில் செத்தவர்களைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அதே செத்தவர் சினிமாவில் பேயாக வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். போன சனிக்கிழமை, பேக்கரியில் என்னோடு வேலை செய்யும் கிர்ஸ்டன் அப்படியொரு படத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். செத்துப்போன அம்மா ஒருத்தி பேயாகித் தன் வீட்டுச் சமையலறைக்கே திரும்பிவிடுகிறாள். மருமகனின் சாக்ஸை ஒளித்து வைக்கிறாள், ஃப்ரிட்ஜை ஏன் திறந்துபோட்டாய் என்று மகளைத் திட்டுகிறாள். தியேட்டரே குலுங்கியது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. செத்த பிறகும் அம்மாவிடம் திட்டு வாங்க அந்த மகளுக்கு என்ன யோகம் பாருங்கள்!

வெளியே வந்ததும் கிர்ஸ்டன், "பயந்துவிட்டாயா?" என்றாள். "இல்லை, பொறாமை" என்றேன். அவள் என் தோளைத் தட்டி, "உன் அம்மா உன் இதயத்தில் இருக்கிறாள்" என்றாள். பாவம், நல்லவள். ஆனால் என் அம்மா இதயத்திலெல்லாம் அடங்கியிருக்கிற ஆளில்லை. வந்தால் அடுப்படியில்தான் நிற்பாள்.

வரவும் செய்தாள், போன மாதம். என்னிடம் அல்ல, விழுப்புரத்தில் இருக்கும் என் தங்கை செல்வியிடம். செல்வி மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால், அந்தக் குடும்பத்தில் சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிட்டு அழைப்பார்கள். அவள் பெற்ற பிள்ளைகளின் பேரையும் ஊரையும் கேட்டுக்கொண்டு, பம்பைக்காரர் பம்பை அடித்துப் பாடி வரவழைப்பார். எனக்கு லீவு கிடைக்கவில்லை, போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா செல்வி மேல் இறங்கினாள். எடுத்த எடுப்பில் அப்பாவைப் பிடித்தாள்: "யோவ், இந்த வேட்டியத் தொவச்சு எத்தினி நாளாச்சுய்யா?" கூட்டம் அழுதுகொண்டே சிரித்தது. "யம்மா, நான் இங்க இருக்கேம்மா!" என்று நான் போனுக்குள் கத்தியது பம்பைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அப்போதுதான் அம்மா கேட்டாள்: "பெரியவ வூட்டுக்கும் போனேன். பூட்டிக் கெடக்குது. எங்கடி போனா அவ?"

செல்வி பழக்கதோஷத்தில் பம்பைக்காரரிடம் என் ஊரைத் திண்டிவனம் என்று சொல்லியிருக்கிறாள். அம்மா செத்துப்போன பிறகுதான் நான் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்தேன். அவளுக்கு எப்படித் தெரியும்?

படம் பார்த்த ஆத்திரத்தில் செல்விக்குப் போன் போட்டேன். "உசுரோட இருந்தப்பவும் நீதான்டி செல்லம். இப்பவும் உன் மேலதான் வருது" என்று பொரிந்தேன்.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லக்கா" என்றாள். "அம்மா வந்துச்சு, பேசுச்சுன்றாங்க. எல்லாரும் பாத்தீங்க, நான்தான் பாக்கல. உன்னத்தான் தேடிக்கினு அலையுது. உனக்கு இன்னாக்கா கொறச்சல்?" பிறகு அவளே கேட்டாள்: "அடுத்து பையன் கல்யாணம் வருது. பம்பைக்காரரு கேட்டா உன் ஊரு இன்னான்னு சொல்லட்டும்?"

டென்மார்க் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. பெரியவள் இனி திண்டிவனத்துக்காரி இல்லை என்று அம்மாவிடம் நானே சொன்ன மாதிரி ஆகிவிடுமே.

"திண்டிவனம்னே சொல்லு. பூட்ட மட்டும் கழட்டிடு."

"சரிக்கா, நானே போயி தொறந்து வைக்கிறேன்."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. என்னைத் தேடி, என் வீட்டு வாசலில் வந்து நிற்கப்போகிற அம்மாவுக்கு, அங்கேயும் கதவு திறக்கப்போவது செல்விதான். வயிறு எரிகிறது.