திறப்பு இருக்கும் இடம்

எனக்குப் பிஸ்டல் சுடத் தெரியும் என்று சொன்னால் இன்றைக்கும் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஓர் அடி பின்னால் தள்ளி நிற்பார்கள். இரண்டும் எனக்குப் பழகிவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் லண்டனில் ஒரு பெரிய அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். சம்பளத்தில் மாதாமாதம் விளையாட்டுக் கழகத்துக்கென்று கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். பிடிக்கிறார்களே, ஏதாவது விளையாடித்தான் தீருவேன் என்று பூப்பந்துக்குப் பெயர் கொடுக்கப் போனேன். இடமில்லை என்றார்கள். மேசைப்பந்து அணி ஆளில்லாமல் கலைந்துபோயிருந்தது. மிச்சமிருந்தது கட்டடத்தின் நிலவறையில் செவ்வாய்க்கிழமைகளில் கூடும் பிஸ்டல் கழகம் மட்டும்தான்.

முதல் நாள் பிஸ்டலை மேசையிலிருந்து எடுக்கவே நேரமெடுத்தேன். ஊரில் துவக்கு என்றால் எங்கள் பக்கம் நீட்டப்படுகிற சாமான். அதன் பின்பக்கம் எப்படியிருக்கும் என்று நான் பார்த்ததேயில்லை. அன்றுதான் பார்த்தேன். காதுக்கு மூடி போட்டு, கால்களை அகட்டி நிற்கச் சொல்லி, பத்துத் தோட்டா தந்தார்கள். கடதாசி அட்டையின் கறுப்பு வட்டத்துக்குள் ஏழு விழுந்திருந்தது. கழகச் செயலாளர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதற்கு முன் சுட்டிருக்கிறாயா?" என்று கேட்டார். "இல்லை, என்னை நோக்கித்தான் சுட்டிருக்கிறார்கள்" என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆறு மாதம் போக, அணியில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒரு சிக்கல் இருந்தது. கழகத்துப் பிஸ்டல்கள் எல்லாம் ஆண்களின் கைக்குச் செய்தவை. என் விரல் விசையை எட்டிப் பிடிப்பதற்குள் கை வளைந்துவிடும். அணியில் இருந்த ஒரு வயதான பெண் ஓய்வு பெற்றுக் கடற்கரை ஊர் ஒன்றுக்குக் குடிபோக இருந்தார். சின்னப் பிடி வைத்த அவருடைய பிஸ்டலை வாங்கி ஏந்தினேன். என் கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. "ஈஸ்டர் வரை வைத்திருப்பேன். அதற்குள் உனக்குப் பொலிஸ் சான்றிதழ் வந்தால் உனக்கு. இல்லாவிட்டால் கடையில் கொடுத்துவிடுவேன்" என்றார். அப்போது தை மாதம். நான் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். நான் ஒன்றை முடிவு செய்தால் பிறகு எனக்கு நானே புத்தி சொன்னாலும் ஏறாது.

என் கணவர் ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். லண்டனுக்கு வந்தபின் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. விஷயத்தைச் சொன்னதும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உமக்கென்ன விசரோ? துவக்குக்குப் பயந்து ஓடியந்த ஆக்கள் நாங்கள். நீர் இஞ்சை அதைக் காசு குடுத்து வாங்கப் போறீரோ?"

"அது ஆளைச் சுடுற துவக்கில்லை. கடதாசியைச் சுடுறது."

"துவக்குக்கு அது தெரியுமோ?"

பதில் இல்லாத இடத்தில் பிடிவாதம் பிடிப்பதுதான் என் வழக்கம். மூன்று நாள் கதைக்காமல் இருந்தேன். நாலாம் நாள் அவராகவே விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவரச் சொன்னார். சம்மதம் ஒன்றும் வரவில்லை. நான் அதைப் பிழையாக நிரப்பிவிடுவேன் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கச்சேரியில் விவசாயிகளின் துவக்கு அனுமதிப்பத்திரங்களை எழுதியதே அவர்தான். மூடி கழற்றிய பேனாவோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரை அப்படிப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

இரண்டு வருடமாவது என்னை அறிந்த தகுதியான ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றிருந்தது. டூட்டிங்கில் எங்கள் தமிழ் டொக்டரிடம் போனேன். தாளை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "தங்கச்சி, இருமலுக்கு மருந்து கேளும், தாறன். இதுக்கு என்னை இழுக்காதையும்" என்றார். கடைசியில் அலுவலகத்தில் என் பிரிவு மேலாளர், ஒரு கேள்வியும் கேட்காமல், தேநீர் குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இரண்டு கிழமையில் பொலிஸ் நிலையத்தின் துவக்குப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது. மரியாதையான குரல். "அம்மா, காரணம் என்ற இடத்தில், உயிர், உடைமை, பயிர்களின் பாதுகாப்புக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். கோலியர்ஸ் வுட்டில் உங்களுக்கு என்ன பயிர் இருக்கிறது?"

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்தது உடுப்புக் காயப்போடும் கொடியும் இரண்டு தக்காளிச் செடியும். காதெல்லாம் சூடாகிவிட்டது. கச்சேரியில் எல்லா விண்ணப்பத்திலும் எழுதுகிற வாசகத்தை என் ஆள் அப்படியே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார். அங்கே பன்றிக்கும் குரங்குக்கும்தான் துவக்கு. பாதுகாப்பு என்று எழுதாவிட்டால் அரசாங்க அதிபர் கையெழுத்தே வைக்க மாட்டார்.

இங்கே நேர் தலைகீழ். இந்த நாட்டில் பாதுகாப்புக்கென்று பிஸ்டல் கேட்டால் அதற்காகவே மறுத்துவிடுவார்கள். கழகத்தில் சுடுவதற்கு என்றால் தரலாம், அதுவும் எந்தக் கழகம், எந்தப் பிஸ்டல், ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதெல்லாம் சான்றிதழில் எழுதித்தான் தருவார்கள். கடையில் தோட்டா வாங்கினால் அதையும் அதிலேயே குறிப்பார்கள். இதையெல்லாம் நான் நூலகத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்து அறிந்தேன். புதுப் படிவம் எடுத்து என் கையாலேயே நிரப்பினேன். கணவருக்குக் கோபம்.

"இருபது வருஷம் எழுதினனான். ஒரு பத்திரம் திரும்பி வரேல்லை."

"அது அந்த நாடு."

"அப்ப இஞ்சை ஆபத்தில்லாதவனுக்குத்தான் துவக்கோ?"

"ஓம். அதுதான் சட்டம்."

அவர் அன்று முழுவதும் அதை நினைத்து நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

காத்திருக்கிற நாட்களில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பிஸ்டலுக்குத்தான் சான்றிதழ் வேண்டும், அதன் துணைச்சாமான்களுக்கு வேண்டாம். எனவே அவற்றையெல்லாம் வாங்கினேன். காது மூடி, குழாய் துடைக்கிற நீளக் கம்பி, சின்னப் போத்தலில் எண்ணெய், அட்டையில் விழுந்த ஓட்டையைத் தூரத்திலிருந்து பார்க்க ஒரு குட்டித் தொலைநோக்கி, உள்ளே பஞ்சு வைத்த பெட்டி. பஞ்சில் பிஸ்டலின் வடிவத்தை நானே கத்தியால் வெட்டினேன். வந்தவர் போனவருக்கெல்லாம் கணவர் அந்த வெறும் பெட்டியைத் திறந்து காட்டி, "வீட்டுக்காரி வாங்கின துவக்கு இதுதான். கண்ணுக்குத் தெரியாது" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

பங்குனி பிறந்துவிட்டது. அதிகாரி வீட்டைப் பார்க்க வருகிறார் என்று கடிதம் வந்தது. அதற்கு முன் இரும்புப் பெட்டகம் ஒன்றைச் சுவரோடு சேர்த்து முடுக்கியிருக்க வேண்டும். பெட்டகத்தை வாங்கிவிட்டேன். சுவரில் துளை போடக் கணவர் மறுத்துவிட்டார். "என்ரை சுவரிலை ஏலாது" என்றார். சுவரில் பாதி என்னுடையது என்பதை வங்கிக் கடனுக்கு நானும் கையெழுத்து வைத்த நாளிலிருந்து அவருக்கு ஞாபகப்படுத்தி வருகிறேன். அதனால் பக்கத்து வீட்டில் ட்ரில் மெஷினை இரவல் வாங்கி, படிக்கட்டுக்குக் கீழே இருந்த சின்ன அறைக்குள் முழந்தாளிட்டு நானே தொடங்கினேன். முதல் துளை கோணலாகப் போனது. இரண்டாவதில் சுண்ணாம்பு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து என் தலையில் கொட்டியது. அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒன்றை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. கழகச் செயலாளர் சொன்ன நாளிலிருந்து அதை நெஞ்சில் கட்டிக்கொண்டு திரிந்தேன். பெட்டகத்தின் திறப்பு, அதாவது சாவி, என்னிடம் மட்டும்தான் இருக்கலாம். அது எங்கே இருக்கிறது என்பதுகூட வீட்டில் வேறு யாருக்கும் தெரியக் கூடாது. கணவனுக்கும்தான். எங்கள் ஆட்களில் எந்த மனிதன் இதற்கு ஒத்துக்கொள்வான்? தன் வீட்டுக்குள்ளேயே தனக்குத் திறக்க முடியாத ஒரு பெட்டி, அதன் திறப்பு பெண்சாதியின் கையில். இதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மறைத்துச் செய்ய எனக்கு மனமில்லை. தலையில் சுண்ணாம்போடு, ட்ரில்லைப் பிடித்தபடியே சொன்னேன்.

அவர் குனிந்து என்னைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியக் கூடாதோ?"

"கூடாது."

"சட்டத்திலை இருக்கோ, இல்லாட்டி நீர் சொல்லுறீரோ?"

பொலிஸ் அனுப்பிய தாளை எடுத்துக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"இதிலை கணவன் எண்டு இல்லையே."

"அனுமதி இல்லாத எவரும் எண்டு இருக்கு. உங்களுக்கு அனுமதி இருக்கோ?"

தாளை நாலாக மடித்து என்னிடம் தந்தார். பிறகு என் கையிலிருந்து ட்ரில்லை வாங்கினார். "தள்ளும். சுவரைக் கொத்தி வைச்சிருக்கிறீர்" என்றார். ஒரு மணித்தியாலத்தில் நாலு ஆணியும் இறுகிவிட்டன. பெட்டகத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுப்பிப் பார்த்தார். அசையவில்லை. அவருக்கு என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவார் என்று பயந்து கேட்கவுமில்லை.

அதிகாரி ஒரு சனிக்கிழமை காலை வந்தார். உயரமான மனிதர். படிக்கட்டுக்குக் கீழே குனிந்து போய்ப் பெட்டகத்தை உலுப்பினார். தோட்டாவை எங்கே வேறாக வைப்பேன் என்று கேட்டார், காட்டினேன். பிறகு கூடத்தில் உட்கார்ந்து, "கள்ளன் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு உங்களுக்குத் தொலைபேசி எடுப்பேன்."

"பெட்டகத்துக்குப் போக மாட்டீர்களா?"

"போனால் நீங்கள் சான்றிதழைப் பறித்துவிடுவீர்கள்."

அவர் சிரித்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் கணவர் பக்கம் திரும்பினார். "ஐயா, திறப்பு எங்கே இருக்கிறது?"

கணவருடைய முகம் வெளிறியது. தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்கும்போது சத்தம் கேட்டது. ஏதோ சொல்லிக் கெடுக்கப் போகிறார், மூன்று மாதப் பாடும் போயிற்று என்று நினைத்தேன்.

"தெரியாது" என்றார், ஆங்கிலத்தில், மெதுவாக.

"கேட்டால் மனைவி சொல்ல மாட்டாரா?"

"நான் கேட்க மாட்டேன்."

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு, தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியபின் கணவர் படிக்கட்டின் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கேயே வைத்துத்தான் சொன்னார். பன்னிரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் நான் கேட்டிராத கதை.

"கச்சேரியிலை துவக்கு இடாப்பு என்ரை அலுமாரியிலைதான் இருந்தது. எந்த வீட்டிலை ஆரிட்டைத் துவக்கு இருக்கெண்டு பேர் விலாசத்தோடை. ஒரு நாள் நாலு இயக்கப் பெடியள் வந்தவங்கள். ஒருத்தன் பிஸ்டலை இதிலை வைச்சான்." கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "திறப்பு எங்கை எண்டு கேட்டவன். எனக்குத் தெரியும். சொன்னன்."

நான் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தக் கிழமையே ஒவ்வொரு வீடாப் போனாங்கள். ஒரு கிழவன் குடுக்க மாட்டனெண்டு நிண்டது. அடிச்சதிலை பிறகு எழும்பவேயில்லை. அந்த ஆளின்ரை பேரை எழுதினதும் நான்தான்." கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இண்டைக்கும் ஒருத்தர் என்னட்டைத் திறப்பு எங்கை எண்டு கேட்டவர். தெரியாதெண்டு சொன்னன். பொய் சொல்லேல்லை."

அவர் அழுதார். நானும் பக்கத்துப் படியில் உட்கார்ந்து அழுதேன். மூன்று மாதம் நான் அவரோடு மல்லுக்கட்டியதெல்லாம் எதனோடு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அவர் சொல்லியிருந்தால் பிஸ்டலே வேண்டாம் என்று விட்டிருப்பேன் என்றேன். "விடாதையும். முடுக்கினது முடுக்கினதுதான்" என்றார்.

பெரிய வெள்ளிக்கு நாலு நாள் முன்னால் சான்றிதழ் வந்தது. அணியில் ஏழெட்டு வருடம் சுட்டேன். பிறகு ஸ்கொட்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னஞ்சிறு பிள்ளைகளை ஒருவன் சுட்டுக் கொன்றான். அவனிடமும் என்னிடம் இருந்ததுபோல ஒரு சான்றிதழ் இருந்தது. சட்டம் மாறி, பிஸ்டல் வைத்திருப்பதே தடையானது. கழகத்தில் பலர் கொதித்தார்கள். நான் பிஸ்டலைப் பெட்டியோடு பொலிஸ் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். பிள்ளைகளை நினைத்து அழுகை வந்தது. என் கைக்குப் பொருந்திய அந்தச் சின்னப் பிடியை நினைத்தும் கொஞ்சம் வந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

அதிகாரி வந்துபோன சனிக்கிழமை மத்தியானம் நான் செய்த வேலை ஒன்றை யாருக்கும் சொன்னதில்லை. அதுவரை திறப்பைக் குசினியில், ரொட்டிக்கு மா வைக்கும் தகரப் பேணிக்குள் புதைத்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டு ஆண்பிள்ளை கை வைக்காத இடம் என்ற எண்ணம். அன்று அவர் சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுத்தபின் யோசித்தேன். என்றைக்காவது எனக்குக் காய்ச்சல் வந்து அவர் ரொட்டி சுட வெளிக்கிட்டால்? எடுத்து வேறொரு இடத்தில் வைத்தேன். அவர் தவறுதலாகவும் கண்டுவிடக் கூடாத இடம். பெட்டகத்தையே கழற்றி எறிந்து இத்தனை வருடமாகியும் அவர் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இதையும் அவர் வாசிப்பார் என்பதால் இங்கேயும் எழுத மாட்டேன்.