படைக்க முதல் எடுத்து வைத்தது

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டி கிடக்கிறது. நீல மூடி, மேலே இருந்த படம் கழுவிக் கழுவி அழிந்துவிட்டது. எறியச் சொல்லி மகள் என்னோடு சண்டை பிடிக்கிறாள்.

அது என் தம்பிக்கென்று வைத்த பெட்டி. ஜெர்மனியில் ஹம் நகருக்கு வந்த புதிதில் அகதி முகாமில் ஒரே அறையில், ஒரே கோப்பையில் சோறு குழைத்துச் சாப்பிட்டவர்கள் நாங்கள். யூரோ வந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும், அவன் வேதத்துக்கு மாறிக் கிறிஸ்தவனானான். அவன் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம், எசன் நகரிலிருந்து ஜெபக்கூட்டக்காரர் நாள்தோறும் ரயிலேறி வந்து பக்கத்தில் இருந்தார்கள். நான் தொழிற்சாலையில் லீவு கேட்கவில்லை. கதவுப் பிடி செய்கிற இடம் அது, போர்மன் பொல்லாதவன். அது வேறு கதை.

பிள்ளை சுகமானாள். அந்த வருடம் அம்மாவின் திவசத்துக்குத் தம்பி திருநீறில்லாத நெற்றியோடு வந்தான்.

"படைச்சது எனக்கு ஏலாது அண்ணை. கோவிக்காதேங்கோ."

"பெத்த தாய்க்குப் படைச்சதடா. அதுக்குள்ளை என்ன பேயே இருக்கு?"

என் மனைவிதான் வழி கண்டாள். படைக்க முதல் அவனுக்கென்று சோறும் கறியும் அந்தப் பெட்டியில் எடுத்து வைத்தாள். சாப்பிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோவான். பிறர் வீட்டு ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. யேசு பிறந்த நத்தாருக்குப் பெட்டி நிறையக் கேக் வரும். ஜெபம் பண்ணிய கேக் என்று நான் ஒரு துண்டும் தொட்டதில்லை. பக்கத்து வீட்டு ஜெர்மன் கிழவிக்குக் கொடுத்துவிடுவேன். அவனுக்கு அதைச் சொன்னதுமில்லை.

மூன்றாம் வருடம் எனக்குப் புத்தி கெட்டது. மனைவி எடுத்து வைத்ததைச் சட்டிக்குள் திருப்பிக் கொட்டிவிட்டு, படையலில் அள்ளிப் பெட்டியை நிரப்பினேன். தம்பி வழித்துச் சாப்பிட்டான்.

"இண்டைக்குக் கத்தரிக்காய் அம்மா வைச்ச மாதிரியே இருக்கு, அண்ணி."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இருக்கும்தானே. அவவுக்குப் படைச்சதைத்தான் திண்டிருக்கிறாய்," என்று சிரித்தேன்.

அவன் எழும்பிக் கை கழுவினான். "என்ரை பிள்ளை சாகக் கிடக்கேக்கை வர நேரமில்லை. இதுக்கு மினக்கெட்டிருக்கிறியள் என்ன, அண்ணை?"

மனைவி அழுதபடி பெட்டியைக் கழுவி, படைக்காத கறியைப் போட்டு அவன் கையில் திணித்தாள். அவளுக்காக வாங்கிக்கொண்டு போனான்.

நத்தாருக்கு எங்கள் கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே அந்தப் பெட்டி. மூடியைத் திறந்தேன். ஒரு கரண்டி சீனிகூட இல்லை.

நேற்றும் மகள் அதைக் கையில் எடுத்துவிட்டாள். "சித்தப்பா வீடு பஸ்ஸிலை பத்து நிமிசம். கொண்டுபோய்க் குடுங்கோவன், இல்லாட்டி எறியுங்கோ."

பறித்துத் திரும்ப மேலே வைத்தேன். கொண்டுபோகலாம்தான். அதற்குள் எதைப் போட்டுக் கொண்டுபோவது?