கெர்னலுக்குப் பொட்டு வைத்த ஞாயிற்றுக்கிழமை

கடலைப் பிண்ணாக்கு வாசனையும் ஏ.சி. குளிரும் ஒரே மூச்சில் மூக்கில் ஏறினால் எப்படி இருக்கும் தெரியுமா? எனக்குத் தெரியும். எண்பதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் ஓர் எண்ணெய் மில்லில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். மில் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. எங்கள் அறைக்குள் மட்டும் செருப்போடு யாரும் வரக்கூடாது... முதலாளிக்கும் அதே சட்டம்தான்.

ஒரு யூனிக்ஸ் மெஷின், நாலு டெர்மினல், நாலு பெண்கள். முதலாளிக்கு எட்டு டெர்மினல் வேண்டும் என்று ஆசை; புதிதாக நாலு வாங்கியும் வைத்துவிட்டார். பழைய கெர்னல் அதற்கு ஒத்துக்கொள்ளாது. கெர்னல் என்றால், மெஷினை உள்ளேயிருந்து ஓட்டுகிற புரோகிராம். அதை மாற்ற மெட்ராஸிலிருந்து பாஸ்கர் என்ற என்ஜினியர் ஒரு பெட்டி நிறைய ஃபிளாப்பியோடு வந்து இறங்கினார்.

முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னிக்கு ஞாயித்துக்கெழம. நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள எட்டும் ஓடணும். இல்லன்னா மெஷினை நீங்களே வண்டில ஏத்திக்கினு போயிடுங்க. நான் பழையபடி கணக்குப்பிள்ளைய வெச்சிக்கறேன்."

மெஷின் போனால் என் வேலையும் போகும். வேலை போனால், கீழ்பென்னாத்தூரில் அப்பா போளூர் மாப்பிள்ளை வீட்டுக்குச் சரி என்று சொல்லிவிடுவார். "வேல இருக்கிற வரைக்கும் நான் ஒண்ணும் பேசமாட்டேன். அது போச்சுன்னா நான் சொல்றத நீ கேக்கணும்" என்பது எங்களுக்குள் பேச்சு. இந்த ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றியும் அவரிடம் சொல்லியிருந்தேன். அந்த மாப்பிள்ளைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எனக்கு அந்தக் குளிர் அறை பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் சுலபம் என்றார் பாஸ்கர். நான் விடவில்லை. பில் கட்டம் தப்பாமல் பிரிண்டரில் விழுவதற்கே மாசக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தேன்.

"செட்டிங்ஸ் அப்படியே இருக்கணும் சார். நாளைக்குக் காலைல லாரி வந்து நிக்கும், பில் அடிக்கணும்."

"ரிஸ்க்கும்மா..." என்று இழுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த முதலாளிக்கு இப்போது ஒரு சந்தேகம். "புதுசு வர்ற வரைக்கும் பழசு எங்க இருக்கும்?"

பாஸ்கர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். முதலாளி என்னைப் பார்த்தார்.

"கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி சாமிய பாலாலயத்துல வெச்சு பூஜ பண்றாங்க இல்லீங்களா, அந்த மாதிரிங்க. பழச வேற பேர்ல பத்திரமா வெச்சிருக்கோம்."

அவர் முகம் மாறிவிட்டது. ஃபிளாப்பிப் பெட்டியை வாங்கிக்கொண்டு பூஜை மாடத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது ஒவ்வொரு ஃபிளாப்பியிலும் சந்தனம், குங்குமம்! நானும் பாஸ்கரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எதிரில் நின்று அதைத் துடைக்க யாருக்குத் தைரியம் வரும்?

ஒவ்வொன்றாக உள்ளே போனது. ஒன்றும் ஆகவில்லை. கடைசி ஃபிளாப்பி மட்டும் கரகரவென்று கத்திவிட்டு நின்றது. திரையில் ரீட் எரர், அதாவது படிக்க முடியவில்லை. எடுத்துப் பார்த்தால், உறையில் திறந்திருக்கும் இடத்தின் வழியாகச் சந்தனம் உள்ளே சுழலும் தட்டுக்கே இறங்கியிருந்தது.

மெட்ராஸ் போய் வேறு வாங்கி வர நேரம் கிடையாது. பழைய கெர்னலுக்குத் திரும்பலாம், ஆனால் அதில் எட்டு ஓடாது.

பாஸ்கர் பிளேடு கேட்டார். உறையை ஓரமாகக் கிழித்து, உள்ளிருந்த கருப்புத் தட்டை உருவினார். குழாயடியில் சோப்பு நுரை போட்டு, குழந்தைக்கு முகம் கழுவுகிற மாதிரி நான் கழுவினேன். ஃபேனுக்கு நேரே விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்... கரண்ட் போய்விடக்கூடாதே என்று அண்ணாமலையாரைக் கூப்பிட்டபடி. ஈரம் போனதும், ஒரு காலி ஃபிளாப்பியின் உறையில் அதைச் செருகிக் கொடுத்தோம்.

டிரைவ் முனகியது. நின்றது. மறுபடி முனகியது.

படித்துவிட்டது!

புதிய கெர்னல் உருவாகி, மெஷினை அணைத்துப் போட்டபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. திரையில் ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. பிறகு ஒரு டெர்மினல் விழித்தது, அடுத்தது, அதற்கடுத்தது... எட்டும். ஒரு பில் அடித்துப் பார்த்தேன். எழுத்து அதனதன் கட்டத்தில் விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "பொட்டு வெச்சது வீண் போவல" என்றார். பாஸ்கர் கிழிந்த உறையைப் பெட்டிக்குள் தள்ளினார்.

வெளியே வந்தால், டீக்கடை ஓரமாக அப்பா. என்னைக் கையோடு கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஓடுதா?"

"ஓடுதுப்பா."

சட்டைப் பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து என் நெற்றியில் பூசினார். "காலைலயே வந்துட்டேன். கோயில்லதான் இருந்தேன், ஒண்ணும் சாப்பிடல. உன் மெஷினு ஓடணும்னு வேண்டிக்கினேன்."

நான் அவரை எதிர்க்கட்சி என்றல்லவா நினைத்திருந்தேன்.

இப்போதெல்லாம் போன் ராத்திரியில் தானே அப்டேட் செய்துகொள்கிறது. காலையில் எடுத்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி. நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு ஒன்று நடக்கவேண்டுமென்று பகல் முழுக்கப் பட்டினியாகக் கோயிலில் உட்கார்ந்திருக்க இப்போது யாரும் இல்லை... அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.