நாலரையின் பத்து நகங்கள்

தெரிந்துதான் செய்தேன்.

இந்த இரண்டு சொற்களைச் சொல்ல எனக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது. என் பூனையின் முன்கால் விரல்களின் நுனிகளை, நகத்தோடும் எலும்போடும் வெட்டி எடுக்கச் சொன்னவன் நான். நகம் மட்டும்தான் போகும் என்று நினைத்ததாக இந்த ராயபுரத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். எலும்பும் போகும் என்று எனக்குத் தெரியும். என் விரலையே பிடித்துக் காட்டி ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். அந்தச் சுளிப்புக்குப் பயந்துதான் பத்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்... இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

என் பெயர் சூசை. ஆர்மோனியப் பெட்டி பழுது பார்ப்பது என் தொழில். ராயபுரம் ரயிலடிக்குப் பக்கத்தில் முன்னால் கடை, பின்னால் படுக்க ஓர் அறை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வாய் அப்படி. பெண் கொடுக்க வந்தவர்களும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். மாதா கோயில் பெட்டிகளும் நாடகக் கம்பெனிப் பெட்டிகளும்தான் என்னோடு குடியிருந்தன.

ஆர்மோனியத்தின் உயிர் அதன் துருத்தியில் இருக்கிறது. துருத்தியின் மடிப்புகளைத் தோலும் துணியும் வைத்து வச்சிரப் பசையால் ஒட்டுவோம். அந்தப் பசை மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்தது. எலிக்கு அது விருந்துச் சாப்பாடு! என் கடையில் எலிகள் துருத்தியைத் தின்று கொழுத்தன. அந்தக் காலத்தில்தான், யுத்தம் முடிந்த மறு வருஷம், காசிமேட்டு மீன்கூடைக்காரி ஒருத்தியின் பின்னாலேயே வந்து, என் கடை வாசலில் நின்றுவிட்டாள் அவள்.

சாம்பல் நிறம். ஒரு காது கிழிசல். முதல் தடவை கத்தியபோதே நான் நிமிர்ந்து பார்த்தேன். சுத்தமான நாலரைக் கட்டைச் சுருதி! ஆர்மோனியத்தில் அந்தக் கட்டையை அழுத்திச் சரிபார்த்தேன், இம்மி பிசகவில்லை. நாலரை என்றே பெயர் வைத்தேன்.

ஒரு மாதத்தில் எலிகள் ஒழிந்தன. விடிந்ததும் கடையின் மரக்கதவில் அவள் நகம் தீட்டுவாள். வறட்... வறட்... அந்தச் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். என்னை எழுப்புவதற்கு ஓர் உயிர் இருக்கிறது என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்?

அடுத்த கடை காதர் பாயுடையது. துறைமுகத்தில் கழித்துப்போட்ட கப்பல் கயிறுகளை வாங்கி விற்பவர். கடை முழுக்கத் தார் வாசனை. சாயங்காலம் துறைமுகத்துச் சங்கு ஊதியதும் இரண்டு டீயோடு என் கடைக்கு வந்துவிடுவார். என்னிடம் வேலை இல்லாமலும் வந்து உட்கார்ந்த ஒரே மனிதர் அவர். பூனை என்றால் அவருக்கு உயிர். உள்ளே நுழையும்போதே நாலரைதான் முதலில், நான் அப்புறம்.

கதவோடு நிற்காமல் நாலரை துருத்தி மடிப்புகளிலும் நகம் வைக்க ஆரம்பித்தாள். இரண்டு பெட்டிகள் கெட்டன. நான் கத்தினேன், விரட்டினேன். பாய் சிரித்தார்.

"பிறாண்டாத பூனை எங்கனா கீதா, சூசை? அதுக்குன்னு ஒரு எடம் குடு. ஒரு கட்டைய நட்டு வையி, நம்ம கடைக் கயித்த சுத்தித் தர்றேன். அது பாட்டுக்கு அதுல பிறாண்டிகினு கெடக்கும்."

இன்னும் சொன்னார். வேலை நடக்காத பெட்டிகளைச் சாக்குப் போட்டு மூடி வைக்கலாமாம். பாக்குவெட்டியால் அவ்வப்போது நகத்தின் நுனியை மட்டும், ரத்தம் ஓடும் இடத்தைத் தொடாமல், நறுக்கிவிடலாமாம். கயிறு அவர் கடையில் மலைபோலக் கிடந்தது. நான் கையை நீட்டினால் போதும்!

நீட்டவில்லை. ஏன்? கயிறு விற்பவர் என் கடையை எப்படி நடத்துவது என்று எனக்குச் சொல்லித் தருவதா என்ற திமிர். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

பிறகு அந்தத் திருவிழா வந்தது. கோயில் பெட்டி என்னிடம் இருந்தது. துருத்தி முழுவதையும் புதிதாக ஒட்டி, காய்வதற்காக மேஜையில் விரித்துவிட்டு, கதவைச் சாத்தாமல் பாய் கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது துருத்தி நான்கு இடத்தில் கிழிந்து தொங்கியது. பசை வாசனை அவளை இழுத்திருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தாள், பெரிய வேலை முடித்தவள் மாதிரி.

மறுநாள் திருவிழாப் பூசையில் பாட்டுக்காரர்கள் பெட்டி இல்லாமல் பாடினார்கள். சுருதி எங்கெங்கோ ஓடியது. கோயிலில் பாதி ஜனம் திரும்பி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வைகள் என் முதுகில் அப்படியே தங்கிவிட்டன. கதவைச் சாத்தாமல் போனது யார் என்று அன்றைக்கு என்னையே நான் கேட்டிருந்தால்... கேட்கவில்லை. எனக்கு வேறொருத்தியின் மேல் கோபம் வேண்டியிருந்தது.

தண்டையார்பேட்டையில் வீரய்யா என்று ஒருவர் இருந்தார். சர்க்கஸ் வீரய்யா என்பார்கள். இளவயதில் சர்க்கஸ் கம்பெனியில் மிருகங்களைப் பார்த்துக்கொண்டவர். வயதான பிறகு ஜட்கா வண்டிக் குதிரைகளுக்கு வைத்தியம் செய்துகொண்டிருந்தார். சிறுத்தைக் குட்டிகளின் நகத்தை எடுத்த கை அது என்று கேள்விப்பட்டிருந்தேன். பாய் அப்போது நாகூர் போயிருந்தார். நாலரையை ஒரு கூடையில் போட்டுச் சாக்கால் மூடிக் கொண்டுபோனேன்.

வீரய்யா உடனே கை வைக்கவில்லை. என் வலது கை ஆள்காட்டி விரலைப் பிடித்தார். முதல் கணுவில் தன் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார்.

"நகம் மட்டும் தனியா வராது, நைனா. இந்தக் கணுவோட எடுக்கணும். சிறுத்தைக் குட்டிங்களுக்கு அப்டித்தான் எடுத்தோம். அப்பால அதுங்க நடந்த நடைய நான் பாத்துகினு இருந்தவன். வாணாம்னுதான் சொல்வேன்."

கேட்டீர்களா? வேண்டாம் என்றுதான் சொன்னார்! நானோ விரல் நுனியால் பிழைப்பவன். ஒரு ரீடு அரை இழை பிசகினாலும் கட்டையைத் தொடும் விரல் நுனிதான் எனக்கு முதலில் சொல்லும். அந்தக் கணு போனால் என்ன போகும் என்று இந்தப் பட்டணத்தில் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரிந்திருக்கும்?

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"திரும்ப முளைக்குமா?"

"முளைக்காது."

"அப்ப சரி."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் தயங்கினார். நீங்கள் செய்யாவிட்டால் நானே கொறடு வைத்துப் பிடுங்கிவிடுவேன் என்றேன். பிடுங்கியிருப்பேனா என்று தெரியாது. ஆனால் அவர் நம்பினார். மயக்க மருந்து சீசாவைத் திறந்தார். நான் வெளியே போய் ஜட்கா குதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது பஞ்சின் மேல் பத்து நகங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாக, அரிசி மணி அளவு எலும்பு. அவற்றை எண்ணினேன். பிறகு என் விரல்களைப் பார்த்தேன்...

வீட்டுக்கு வந்த நாலரை மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. கட்டுப் பிரித்த பிறகு, சுடு தரையில் நடப்பவள்போல் காலை எடுத்து எடுத்து வைத்தாள். அவள் வெளிக்குப் போக மண்சட்டியில் மணல் போட்டு வைத்திருந்தேன். அதில் கால் வைத்ததும் துள்ளி வெளியே குதித்தாள். அதற்குப் பிறகு மணலைத் தொடவே இல்லை. என் போர்வையிலேயே போனாள். மடியில் தூக்கினேன், கடித்தாள். அதுவரை அவள் என்னைக் கடித்ததில்லை. எலியைக் கையால் அமுக்குவாள்; எலி நழுவி ஓடிவிடும். ஓடின திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். துருத்திகளை மறுபடி எலிகள் தின்றன.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. விடிந்ததும் அந்த மரக்கதவுக்குப் போவாள். எழுந்து நின்று, இரண்டு முன்கால்களையும் வைத்து, பழைய மாதிரியே இழுப்பாள். இழுத்து இழுத்து... சத்தமே வராது! காதால் பிழைக்கிறவன் நான். அந்தச் சத்தமின்மைதான் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் என்னை எழுப்பியது.

நாகூரிலிருந்து பாய் வந்தார். நாலரை நடப்பதைப் பார்த்தார். குனிந்து அவள் காலைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவார். திரும்பி வரமாட்டார்.

"வீரய்யா நகத்தை மட்டும்தான் வெட்டுவாருன்னு நெனச்சேன், பாய். எலும்போட எடுப்பாருன்னு எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு அழுதேன். அழுகை நிஜம். சொன்னதுதான் பொய். பாய் என் தோளில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அதோடு போயிருந்தால் நான் என்னோடு மட்டும் வைத்துக்கொண்டு செத்திருப்பேன். பாய் நேராக ஜட்கா ஸ்டாண்டுக்குப் போய், வாயில்லா ஜீவனை அந்தக் கிழவன் இப்படிச் செய்துவிட்டான், கேட்டவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்துவிட்டான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பாய் சொன்னால் அந்தத் தெருவில் எடுபடும். வண்டிக்காரர்கள் வீரய்யாவிடம் குதிரையைக் கொண்டுபோவதை நிறுத்தினார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் வீரய்யா என் கடைக்கு வந்தார். பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார். வீரய்யா வாசற்படியில் நின்றார், உள்ளே வரவில்லை. சண்டைக்கு வந்தவராகத் தெரியவில்லை.

"நைனா, உன் வெரலப் புடிச்சுக் காட்டினேனா இல்லியா? அத மட்டும் பாயாண்ட சொல்லிடு. வேற ஒண்ணும் வாணாம்."

என் ஆள்காட்டி விரல் அப்போது ஓர் ஆர்மோனியக் கட்டையின் மேல்தான் இருந்தது. அதை எடுத்து மடக்கிக்கொண்டேன்.

"நீங்க எதையும் காட்டலியே, அண்ணே."

வீரய்யா என்னையே பார்த்தார். கோபமே இல்லை அவர் முகத்தில்! அதுதான் என்னைக் கொல்கிறது. திட்டியிருந்தால் அந்தத் திட்டைப் பிடித்துக்கொண்டு நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளில் பேட்டையை விட்டே போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நான் விசாரிக்கவும் இல்லை.

அந்த வருஷம் தபசு காலத்தில், நாற்பது நாள் நோன்பின்போது, கோயிலுக்குப் போனேன். எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்றுதான் போனேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டதும் என் வாய் பழகிய வாக்கியத்தையே சொன்னது. என் பூனைக்கு ஒரு கொடுமை நேர்ந்தது சுவாமி, தெரியாமல் நேர்ந்தது... தெரியாமல் செய்ததில் பாவமில்லை, வேறென்ன என்று கேட்டார் சாமியார். வேறொன்றும் இல்லை என்றேன். அதற்காக ஒரு செபம்கூட அவர் விதிக்கவில்லை. விதித்திருந்தால் அதையாவது ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்!

பாய் என்னைத் தேற்றுவதை நிறுத்தவே இல்லை. நல்ல கருங்காலிக் கட்டை ஒன்றைக் கொண்டுவந்து, புதுத் தேங்காய் நார்க் கயிற்றை இறுக்கமாகச் சுற்றி, அந்த மரக்கதவுக்குப் பக்கத்தில் அவரே நட்டார். இனிமேல் எதற்கு பாய் என்றேன். அதுக்கு ஆசையா இருக்கும்ல, சூசை என்றார். நாலரை அன்றைக்கே அதற்குப் போய்விட்டாள். கதவை விட்டுவிட்டு, விடிந்ததும் அந்தக் கயிற்றில் காலை வைத்து இழுக்க ஆரம்பித்தாள்.

அவருடைய அன்பை என்னால் தாங்க முடியவில்லை. சாயங்காலம் சங்கு ஊதும் நேரத்தில் கடைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார ஆரம்பித்தேன். முதலில் தட்டிப் பார்த்தார். பிறகு தட்டுவதை நிறுத்தினார். எந்த மனிதரை இழக்கக் கூடாது என்று பொய் சொன்னேனோ, அந்த மனிதரை என் கையாலேயே கதவுக்கு வெளியே நிறுத்தினேன். மூன்று வருஷம் கழித்துக் கடையை மண்ணடிக்கு மாற்றிக்கொண்டு போனார். போகும்போது சொல்லிக்கொள்ள வந்தார். உண்மை வாய் வரைக்கும் வந்தது எனக்கு.

"பூனைய பாத்துக்கோ, சூசை. அதுக்கு உன்ன வுட்டா யாரு கீறாங்க."

சரி பாய் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நாலரை அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் இருந்தாள். ஒரே அறையில் இரண்டு பேர். அவள் கட்டிலின் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். நான் கை நீட்டினால் எழுந்து இடம் மாறிக்கொள்வாள். கடைசி வருஷம் மாறுவதற்கும் தெம்பில்லாமல் தொடவிட்டாள். அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. நீங்களும் அப்படிச் சொல்லாதீர்கள். காசிமேட்டுக் கரையில் கொண்டுபோய்ப் புதைத்தேன். பள்ளத்தை மூடும்போதுதான் உறைத்தது... மணலில் கால் வைக்க மாட்டாதவளை மணலுக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தேன்!

இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது பெட்டிகளையெல்லாம் சாக்குப் போட்டு மூடித்தான் வைக்கிறேன். கதவையும் மறக்காமல் சாத்துகிறேன். யாருக்காக என்று கேட்காதீர்கள்.

மண்ணடி இங்கிருந்து நடந்துபோகிற தூரம்தான். பாய் இன்னும் இருக்கிறார். பல தடவை கிளம்பிப் போய்ப் பாதி வழியில் திரும்பியிருக்கிறேன். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எனக்கு டீ வாங்கி வரப்போவதில்லை. வராமல் போனால் நான் இழப்பதற்கும் ஒன்றுமில்லை. இதிலும் நான் கோழைதான்.

பாய் நட்ட கட்டை அதே இடத்தில் நிற்கிறது. எட்டு வருஷத்துக்கு மேல், ஒரு நாள் தவறாமல், அவள் அதில் காலை வைத்து இழுத்திருக்கிறாள். இன்று காலையும் அதன் முன்னால் உட்கார்ந்து விரல் நுனியால் ஒவ்வொரு சுற்றாகத் தடவிப் பார்த்தேன். கயிறு பாய் சுற்றிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது. ஒரு நார்கூடப் பிரியவில்லை.