கை தூக்காத அக்கா

சென்ற வெள்ளிக்கிழமை காலை தெஹிவளையில் பஸ்ஸுக்கு நின்றபோது தொலைபேசி அடித்தது. வெள்ளவத்தையில் நான் முன்பு குடியிருந்த தொடர்மாடியின் காவலாளி பேசினார். மூன்றாம் மாடி புவனேஸ்வரி அக்கா காலமாகிவிட்டார். வந்த பஸ்ஸில் ஏறாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

அரச திணைக்களமொன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அக்கா. கோயிலுக்குப் போய் வராமல் காலைத் தேநீர்கூடக் குடிக்கமாட்டார். புதிய அரசியலமைப்புக்காக மக்களிடம் கருத்துக் கேட்ட நாட்களில், கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்துக்கு என்னையும் அழைத்துச் சென்றார். ஒரு மதத்துக்கு அரசு முதலிடம் கொடுப்பதால் மற்றவர்களுக்கு எந்தக் குறையும் வராது என்று பௌத்த துறவியான ஒரு தேரர் பேசி அமர்ந்தார். அக்கா எழுந்து, சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டார்: “வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நான் வாடகைக்கு இருப்பவள்தானே?”

தேரர் உடன்படவில்லை. ஆனால் அக்கா பேசி முடிக்கும்வரை கேட்டார். தொடர்மாடியில் நாங்கள் எல்லோரும் அவரைக் கொண்டாடினோம்.

அடுத்த வருடம் எங்கள் கீழ்வாசலில் பிள்ளையார் வைக்கும் யோசனை வந்தது. பதினாறு வீடுகளில் பதினைந்து சைவ வீடுகள். மற்றது முஸ்லிமான இஸ்மாயில் நானாவுடையது. கூட்டத்தில் அவரிடம் சம்மதம் கேட்டோம். பரவாயில்லை, வையுங்கள் என்றார்.

அக்கா எழுந்தார்.

“அவர் ஓம் எண்டுதான் சொல்லுவார். வேண்டாம் எண்டு சொல்ல ஏலாத ஆளிட்டக் கேக்கிறது கேள்வியே இல்லை. நாட்டிட்ட நாங்கள் கேட்ட நியாயத்தை, இந்த வாசலில நாங்கள் குடுக்க வேணும்.”

யாரோ அவரைச் சைவத்துரோகி என்றார்கள். பதினான்கு கைகள் உயர்ந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது.

பிள்ளையார் வந்தார். சில வீட்டார் மாதக்கணக்காக அக்காவுடன் கதைக்கவில்லை. அவரோ அந்தப் பிள்ளையாரையும் நாள்தோறும் கும்பிட்டார். ஒருநாள் காரணம் கேட்டேன்.

“அவரோட எனக்கென்ன கோவம், தம்பி? கை தூக்கினது அவரில்லையே” என்று சிரித்தார்.

சனிக்கிழமை அக்காவின் உடலைக் கீழே கொண்டுவந்தபோது, இஸ்மாயில் நானா என்னருகே வந்து நின்றார்.

“அண்டைக்கு நான் பரவாயில்லண்டு சொன்னது மனசால இல்ல” என்றார் மெதுவாக. “அவங்களுக்கு மட்டும்தான் அது வெளங்கிச்சு.”

அக்கா, நான் செய்தது பிழை. அதை உங்களிடம் சொல்ல எனக்கு எத்தனையோ வருடங்கள் இருந்தன, சொல்லவில்லை. உங்களைச் சுமந்த வாகனம் எங்கள் ஒழுங்கையைக் கடந்து, காலி நகருக்குப் போகும் பெரிய வீதிக்கு ஏறும்வரை நானும் நானாவும் பின்னால் நடந்து வந்தோம். போய் வாருங்கள்.